அரைப்பேர் வரியை வெட்டும் உரிமை ஹோட்டலுக்கு இல்லை

கேள்வி: ஹட்டனுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். ஆசிரியையாக இருக்கிறேன், கவிதை எழுதுகிறேன். மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நினைவாக ஒரு புகைப்படக் கலைஞர், ஒரு கட்டடக் கலைஞர், நான் என மூவரும் சேர்ந்து 75 பிரதிகள் மட்டும் கொண்ட ஒரு கலைப் பதிப்பைச் செய்தோம். இடிக்கப்படவிருந்த ஒரு லயத்தின் (தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகள்) படங்கள், அதே லயத்தை அளந்து வரைந்த வரைபடங்கள், என் கவிதைகள் ஆகியவை அதில் இருக்கின்றன. மடித்த தாளை விரித்தால் லயம் முழுவதும் ஒரே நீளமாகத் தெரியும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதுதான். இப்போது நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் படங்களையும் கவிதைகளையும் பெரிதாக அச்சிட்டு அறைகளில் மாட்டப் போகிறது. புகைப்படக் கலைஞர் முற்பணம் வாங்கிவிட்டார். ஹோட்டல் அனுப்பிய மாதிரியில், அரைப்பேர் பற்றிய என் இரண்டு வரிகள் நீக்கப்பட்டு, பனிமூட்டம் பற்றிய வரிகள் மட்டும் இருக்கின்றன. கட்டடக் கலைஞரோ பதிப்பே தன்னுடைய யோசனை என்று சொல்லி, தனியாக இரண்டாம் பதிப்புப் போட முயல்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள் என்று படித்தபோது எனக்கும் நெஞ்சு கொதித்தது. கொழுந்து நிறை குறைந்தால் ஒரு நாள் உழைப்புக்குப் பாதிச் சம்பளம் என்று எழுதப்படுவதுதான் அரைப்பேர். அதை நீக்கிவிட்டு மலைப்பனியை மட்டும் சுவரில் மாட்டுவது உங்கள் கவிதையைத் தலைகீழாக்குவது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளிக்கு இருவகை உரிமைகளைத் தருகிறது. பணம் சார்ந்த பொருளாதார உரிமையை விற்கலாம், பிறருக்கு எழுதிக் கொடுக்கலாம். மற்றது பத்தாம் பிரிவு தரும் தார்மிக உரிமை. உங்கள் பெயர் இடம்பெற வேண்டும் என்று கேட்பதும், உங்கள் மதிப்புக்கோ பெயருக்கோ பங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்ப்பதும் அதில் அடங்கும். பொருளாதார உரிமை கைமாறிய பின்பும் இது உங்களிடமே இருக்கும். வரியை வெட்டிய மாதிரியைக் கண்டதும் நீங்கள் மறுப்பதற்கு இந்தப் பத்தாம் பிரிவே போதுமானது. ஹோட்டல் ஏதாவது படிவம் அனுப்பினால், அதில் தார்மிக உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எவ்வளவு பணம் தந்தாலும் கையெழுத்திட வேண்டாம்.

இனி, ‘பதிப்பு மூவருக்கும் உரியதுதானே’ என்று புகைப்படக் கலைஞர் சொல்லக்கூடிய வாதம். கூட்டாகச் செய்த படைப்பின் பகுதிகளைத் தனித்தனியே பயன்படுத்த முடிந்து, எது யாருடையது என்றும் தெரிந்தால், ஒவ்வொரு பகுதிக்கும் அதைப் படைத்தவரே உரிமையாளர் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. படம் புகைப்படக் கலைஞருடையது, கவிதை உங்களுடையது, வரைபடம் கட்டடக் கலைஞருடையது. புகைப்படக் கலைஞர் தன் படங்களை மட்டும் ஹோட்டலுக்குக் கொடுத்தால் உங்களால் தடுக்க முடியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் ஒரு வரியைக்கூட அவர் விற்க முடியாது. உரிமையைக் கைமாற்றுவதும் அனுமதி கொடுப்பதும் இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 16ஆம் பிரிவு. ஹோட்டலுக்கு உங்கள் கையெழுத்து கிடைக்கவில்லை. அவர் வாங்கிய முற்பணம் உங்களைக் கட்டுப்படுத்தாது. படத்தின் மேலேயே கவிதையைக் கையால் எழுதிய தாள் ஏதேனும் பதிப்பில் இருந்தால், அதற்கு உங்கள் இருவரின் சம்மதமும் வேண்டும்.

வாட்ஸ்அப் செய்திகள் ஒன்றையும் அழிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட மதிப்பளிக்கிறது. அதனால் அவை உங்களுக்குச் சான்றாகும். அதே காரணத்தால், யாராவது ‘ஹோட்டல் விஷயம் ஓகேதானே’ என்று கேட்டால், போகிற போக்கில் ‘சரி’ என்று பதில் அனுப்பிவிடாதீர்கள்.

கட்டடக் கலைஞரின் வாதம் பலவீனமானது. ஒருவருடைய முன்முயற்சியிலும் வழிநடத்தலிலும் பலர் சேர்ந்து செய்த படைப்பு அந்த ஒருவருக்கே போய்ச்சேரும் நிலை உண்டு. ஆனால் அது அவருடைய பெயரில் வெளிவரும், மற்றவர்களின் பெயர் வராது என்ற புரிதலோடு செய்திருந்தால்தான். உங்கள் பதிப்பின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மூவர் பெயரும் அச்சாகியிருந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும். பெயர் அச்சானவரே படைப்பாளி என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. தாளை மடித்து லயத்தைக் காட்டலாம் என்று நினைத்தது அவராக இருக்கலாம். அவர் வரைந்த கோடுகள்தான் அவருடைய சொத்து. அவற்றை வைத்து அவர் தனி நூல் செய்யட்டும். நீங்கள் மூவரும் சேர்ந்து அமைத்த அந்தப் பதிப்பை அப்படியே மறுபடி அச்சிட அவருக்கு உங்கள் அனுமதி தேவை. 75 பிரதிகள் மட்டும் என்று இலக்கமிட்டு விற்ற பின் அதையே மீண்டும் அச்சிட்டால், விலை கொடுத்து வாங்கியவர்களுக்குக் கொடுத்த வாக்கையும் மீறுகிறீர்கள். அவர்களும் கேள்வி கேட்பார்கள்.

செய்ய வேண்டியது: ஹோட்டல் முகாமையாளருக்கும் உங்கள் நண்பர்கள் இருவருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கவிதைகளுக்கு நீங்கள் அனுமதி தரவில்லை, வெட்டிய வடிவத்தை எதிர்க்கிறீர்கள் என்று எழுதினால் போதும். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதி முடித்ததுமே கவிதைக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. எனவே பதிவுப் பத்திரம் இல்லையே என்று யாராவது மிரட்டினால் கலங்க வேண்டாம். கடிதத்துக்குப் பின்னும் நிறுத்தவில்லை என்றால், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் தகராறைத் தீர்த்துவைக்கும்படி விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் நட்டஈடும் கேட்கலாம். செலவும் அலைச்சலும் அதிகம். அதனால்தான் கடைசியில் சொல்கிறேன்.

நண்பர்கள் இருவரையும் இழக்க நீங்கள் விரும்பவில்லை என்பது உங்கள் கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. கடிதத்தோடு ஒருமுறை நேரில் உட்கார்ந்து பேசுங்கள். யார் எதைத் தனியாகப் பயன்படுத்தலாம், பதிப்பை முழுதாகப் பயன்படுத்த மூவரின் சம்மதமும் எப்படிப் பெறப்படும், வருமானம் எந்த விகிதத்தில், விற்காத பிரதிகள் யாரிடம் என்பவற்றைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். படங்களில் முகம் தெரியும் லயத்துக் குடும்பங்களிடம் ஹோட்டல் சுவர் பற்றிக் கேட்டீர்களா என்பதையும் அந்தப் பேச்சில் எடுங்கள். உங்கள் பதிப்புக்காகச் சிரித்து நின்றவர்கள், ஓர் உல்லாசப் பயணியின் கட்டிலுக்கு மேல் தொங்கச் சம்மதிக்கவில்லை. அவர்கள் ‘வேண்டாம்’ என்றால் அந்தப் படங்களைப் புகைப்படக் கலைஞர் விலக்கிக்கொள்வதே நியாயம்.

அச்சு வேலை தொடங்கிவிட்டால் ஹோட்டல் செலவைக் காட்டிப் பேரம் பேசத் தொடங்கும். ஆகவே கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிட்டு, தபால் ரசீதையும் கடிதத்தின் ஒரு பிரதியையும் பத்திரமாக வையுங்கள்.