கால்பந்துப் பெனால்டியில் கோல்கீப்பர் நடுவிலேயே நின்றால் என்ன?

கணக்குப்படி பார்த்தால் நிற்கலாம். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை அலசி 2007-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. சுமார் 29 சதவீதப் பந்துகள் நடுவில் வந்தன. கீப்பர்கள் நகராமல் நின்றதோ வெறும் 6 சதவீதம். நின்றவர்கள் மூன்றில் ஒன்றைத் தடுத்தார்கள். பாய்ந்தவர்களுக்கு ஏழெட்டில் ஒன்றுதான் சிக்கியது.

பிறகு ஏன் பாய்கிறார்கள்? 11 மீட்டரைப் பந்து அரை நொடியில் கடந்துவிடும், பார்த்துவிட்டுப் பாய நேரமில்லை. அதைவிடப் பெரிய காரணம் பேச்சுக்குப் பயம் என்பேன். பாய்ந்து விட்டால் "பாவம், முயற்சி செய்தான்"; மரம்போல நின்று விட்டால் திட்டுத்தான்.

1976 யூரோ கோப்பை இறுதியில் செக்கோஸ்லோவாக்கிய வீரர் பனென்கா பந்தை நடுவில் மெல்லத் தூக்கிப் போட்டபோது மேற்கு ஜெர்மனி கீப்பர் ஸெப் மையர் இடப்பக்கம் பாய்ந்திருந்தார். ஆனால் எல்லாக் கீப்பரும் நிற்கத் தொடங்கினால், உதைப்பவர்கள் மூலைக்கு மாறிவிடுவார்கள்.