தம்பி வெலிங்டன் போகிறான், பக்கத்தில் வீடு பார்க்கட்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. ராணுவத்தில் நாலு வருட வேலைக்கான அக்னிவீர் தேர்வில் பாஸாகி, அடுத்த மாதம் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் சேர வேண்டும் என்று தகவல் வந்திருக்கிறது. அப்பா இல்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாது. பனியன் கம்பெனி வேலையில் நான்தான் அவனை வளர்த்தேன். இதுவரை அவன் எங்களை விட்டு ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை. ஹிந்தி தெரியாது, சப்பாத்தி பிடிக்காது. அங்கே எப்படித் தங்க வைப்பார்கள், அடிப்பார்களா? பயிற்சி முடியும் வரை நானும் அம்மாவும் குன்னூரில் சின்னதாக ஒரு வீடு எடுத்து இருக்கலாமா? மாதம் 30,000 சம்பளம் என்கிறார்கள். அதை நம்பி வீட்டுக்கடன் வாங்கலாம் என்று மாமா சொல்கிறார். அவர் பெண்ணையும் தம்பிக்குப் பேசி வைத்திருக்கிறார். நீங்கள் ராணுவத்தில் இருந்தவர், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். – ஒரு வாசகி, திருப்பூர்.

பதில்: குன்னூரில் வீடு பார்க்கும் யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள் தங்கச்சி. வாடகை ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் அவனைப் பார்க்க முடியாது. ரிக்ரூட், அதாவது பயிற்சியில் இருக்கும் பையன், நினைத்த நேரத்தில் கேட்டைத் தாண்டி வர முடியாது. ஆரம்ப வாரங்களில் வெளியே விடுவதைப் பற்றிப் பேச்சே இருக்காது. அப்புறம் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவுட் பாஸ் கிடைத்தாலும் கும்பலாகப் போய், சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறாள் என்று தெரிந்தால் பையனுக்குப் பயிற்சியில் மனம் நிற்காது. உங்கள் வேலையையும் கெடுத்துக்கொண்டு அவன் வேலையையும் கெடுக்க வேண்டாம்.

அவன் தங்கப்போவது பாரக்கில். நீளமான ஹால், இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில், ஆளுக்கொரு ட்ரங்க் பெட்டி. இவ்வளவுதான் அவன் வீடு. அந்தக் கட்டிலும் முழுக்க அவன் இஷ்டத்துக்கு இல்லை. கம்பளியைச் செங்கல் மாதிரி நாலு ஓரமும் சரியாக நிற்கும்படி மடிக்க வேண்டும். பூட்ஸின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், மக் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரே முறைதான். ஹாலின் ஒரு கோடியில் நின்று பார்த்தால் மறுகோடி வரை எல்லாக் கட்டிலும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். ஒருவன் கட்டிலில் விரிப்பு தொங்கினால் அந்த வரிசை முழுவதும் வெளியே போய் ஃப்ரண்ட் ரோல், அதாவது குட்டிக்கரணம், அடிக்க வேண்டியதுதான். கக்கூஸும் குளியலும் பொது. பாரக்கைப் பெருக்கித் துடைப்பதும் பையன்கள்தான். இதற்கு நடுவில், முறை வைத்து ராத்திரி சென்ட்ரி டியூட்டி. நல்ல தூக்கத்தில் தோளைத் தட்டுவார்கள். எழுந்து உடுப்பு மாட்டிக்கொண்டு குளிரில் நிற்க வேண்டும்.

நான் இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எல்லாரும் ஓட்டத்தையும் தண்டாலையும் நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். 1.6 கிலோமீட்டரை நேரத்துக்குள் ஓடி, பீம் கம்பியில் தொங்கி எழும்பித் தேறியவன் உங்கள் தம்பி. உடம்பு மெல்ல மெல்லத் தாங்கிக்கொள்ளும். தனக்கென்று ஒரு மூலையோ பத்து நிமிடமோ இல்லாத வாழ்க்கைதான் முதல் ஒரு மாதம் பையன்களை உலுக்கி எடுக்கும். வீட்டில் அம்மா எழுப்பி, அக்கா தட்டு வைத்து வளர்ந்த பையனுக்கு இது இன்னும் அதிகம். அதனால் கிளம்புவதற்குள் அவன் துணியை அவனே துவைக்கட்டும், பட்டன் தைக்கக் கற்றுக்கொள்ளட்டும், தினமும் ஷேவ் செய்து பழகட்டும். காலை நாலரைக்கு அலாரம் வைத்து எழட்டும். நீங்கள் எழுப்பாதீர்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டால், விடியும் முன் எழுவது, ஃபால் இன் (வரிசையில் நிற்பது), பி.டி., டிபன், டிரில், வகுப்பு, ஆயுதப் பயிற்சி, சாயங்காலம் விளையாட்டு, ராத்திரி ரோல் கால், விளக்கணைப்பு. முதல் சில வாரங்கள் அடிப்படைப் பயிற்சி. அதற்கப்புறம் துப்பாக்கி சுடுதல், மேப் படிப்பது, காட்டில் நகர்வது, எடை சுமந்து ஓடுவது என்று கூடிக்கொண்டே போகும். எல்லாம் சேர்ந்து ஆறேழு மாதம். டெஸ்டில் தேறாதவனை உடனே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். பின்னால் வரும் பேட்ச்சோடு சேர்த்துவிடுவார்கள், ரெலிகேட் என்பார்கள். பையன்கள் இதற்குத்தான் எல்லாவற்றையும் விட அதிகம் பயப்படுவார்கள்.

அந்தப் பயத்தால் வரும் ஒரு ஆபத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கெட்டியான பூட்ஸ் போட்டுத் தரையை உதைத்து உதைத்து டிரில் செய்யும்போது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வரும். பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஓய்வில் சரியாகிவிடும். விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீரென்று வலிக்கிறது, ராத்திரி படுத்தாலும் விடவில்லை என்றால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை என்று சிக் ரிப்போர்ட் செய்து டாக்டரிடம் காட்டுபவன் சில வாரங்களில் திரும்பி வந்துவிடுவான். ரெலிகேட் ஆகிவிடுவோமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுபவன் மாதக்கணக்கில் படுப்பான். எங்கள் பாரக்கிலேயே ஒரு பையன் அப்படித்தான், காலில் துணிக்கட்டு போட்டுக்கொண்டு ஓடி ஓடிக் கடைசியில் நடக்கவே முடியாமல் ஆனான். உங்கள் தம்பியிடம் நீங்கள் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்லுங்கள்.

கால் விஷயத்தில் இன்னொன்று. வெலிங்டன் சுமார் 6,000 அடி உயரம். குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் விடாது, சாக்ஸ் காயாது. ஈர சாக்ஸோடு பூட்ஸ் போட்டால் அன்றைக்கே கொப்புளம். கூடுதலாக நாலைந்து ஜோடி சாக்ஸ் கொடுத்தனுப்புங்கள். உள்ளே மெல்லிசாக ஒன்று, மேலே கனமாக ஒன்று என்று போட்டால் தோல் உராய்வது குறையும். நகத்தை நேராக வெட்டச் சொல்லுங்கள்.

ஹிந்தி பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். இந்தியத் தரைப்படையின் காலாட்படையில் மெட்ராஸ் ரெஜிமென்ட்தான் மிகப் பழையது, 1758 முதல் கணக்கு. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா பையன்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் கிடைப்பார்கள். 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது அவர்கள் போர்முழக்கம். அதைப் புரிந்துகொள்ள டியூஷன் தேவையில்லை. ஆனால் கமாண்ட் எல்லாம் ஹிந்தியில்தான். சாவதான், விஷ்ராம், பீச்சே முட் எல்லாம் ஒரு வாரத்தில் காதுக்குப் பழகிவிடும். பேச்சு ஹிந்தி மூன்று மாதத்தில் தானாக வரும். இப்போதிலிருந்தே எண்களை மட்டும் ஒன்றிலிருந்து நூறு வரை ஹிந்தியில் சொல்லப் பழகட்டும். ஆளெண்ணும்போது எண் தெரியாமல் விழித்து ரகடா என்னும் தண்டனை வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

சாப்பாடு வயிறு நிறையக் கிடைக்கும். அந்த ரெஜிமென்ட் லங்கரில், அதாவது சமையற்கூடத்தில், சோறு, சாம்பார் இல்லாமல் நாள் போகாது. சப்பாத்தியும் இருக்கும், முட்டை, கறியும் உண்டு. பிடிக்குமா பிடிக்காதா என்ற யோசனை முதல் வாரப் பசியிலேயே போய்விடும்.

அடிப்பார்களா என்று கேட்டீர்கள். கத்துவார்கள், காது கூசும்படித் திட்டுவார்கள். ரகடா என்ற பெயரில் உருள வைப்பார்கள், தவளை மாதிரித் தாவ வைப்பார்கள், மைதானத்தைச் சுற்ற விடுவார்கள். இதெல்லாம் பயிற்சியோடு ஒட்டியது, அவன் மேல் தனிக்கோபம் எதுவும் இல்லை. கை நீட்டுவதற்கு விதிப்படி இடமில்லை. அப்படி நடந்தால் அவன் பிரிவான கம்பெனியின் சுபேதார் சாகிப்பிடமோ கம்பெனி கமாண்டரிடமோ நேராகப் போய்ச் சொல்லலாம். கமாண்டிங் ஆபீஸருக்கு நீங்கள் கடிதமும் எழுதலாம். எழுதுமுன், அது அடியா ரகடாவா என்று அவனிடம் நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைபேசி அவன் கையில் எப்போதும் இருக்காது. விதி சென்டருக்கு சென்டர் மாறும், எப்போதாவது ஒரு சில நிமிடம் பேசக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் கூப்பிட்டு, "முடியலக்கா, வந்துடட்டுமா?" என்று கேட்டாலும் கேட்பான். அநேகமாக எல்லாருமே கேட்கிறார்கள். நீங்கள் போனிலேயே அழுது, "வந்துடுடா தங்கம்" என்று சொல்லிவிடாதீர்கள். சேர்ந்தபின் சொந்த விருப்பத்தில் விலகுவது இந்தத் திட்டத்தில் சுலபமில்லை, மிக விசேஷக் காரணம் இருந்தால் மட்டுமே அனுமதி. "என்ன நடந்தது, சாப்பிட்டியா, காலில் வலி இருக்கா" என்று கேளுங்கள். பாதிக் கண்ணீர் அதிலேயே நின்றுவிடும்.

இனி பணம். உங்கள் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லி, இந்தக் கணக்கையும் காட்டுங்கள். முதல் வருடம் 30,000 என்பது சரி. அதில் 30 சதவீதம், அதாவது 9,000 ரூபாய், சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போய்விடும். கையில் வருவது 21,000. இரண்டாம் வருடம் மொத்தம் 33,000, மூன்றாவது 36,500, நான்காவது 40,000. ஒவ்வொன்றிலும் அதே 30 சதவீதப் பிடித்தம் உண்டு. நாலு வருடத்தில் அவன் பணம் சுமார் 5.02 லட்சம் சேரும். அதே அளவு அரசும் போடும். ஆக வட்டி நீங்கலாகச் சுமார் 10.04 லட்சம் ரூபாய், வருமான வரி இல்லாமல், வெளியே வரும்போது கிடைக்கும். அதற்குப் பிறகு? 2022 ஜூனில் திட்டத்தை அறிவித்தபோதே, பேட்ச்சில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. நாலு வருடச் சம்பளத்தை நம்பி இருபது வருடக் கடன் வாங்கச் சொல்கிற மாமா, ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பெண் விஷயமும் அப்படித்தான். அக்னிவீராகச் சேருகிறவன் கல்யாணம் ஆகாதவனாக இருக்க வேண்டும், அந்த நாலு வருடமும் செய்துகொள்ளக் கூடாது என்பது நிபந்தனை. மாமா வீட்டுப் பேச்சு 23 வயது வரை காத்திருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கும் அதுதான் நியாயம்.

பயிற்சி முடிந்தபின் குவார்ட்டர்ஸ் கொடுப்பார்களா என்ற நினைப்பும் உங்களுக்குள் இருக்கலாம். அவனுக்குக் குடும்ப வீடு கிடையாது. பட்டாலியன் எங்கே இருக்கிறதோ அங்கே போவான். கன்டோன்மென்ட்டாக இருந்தால் மறுபடி பாரக், எல்லைப் பக்கமாக இருந்தால் பங்கரோ கூடாரமோ. அம்மாவைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருடத்துக்கு 30 நாள் லீவில் அவன்தான் வருவான். பயிற்சி முடிந்து சத்தியப் பிரமாணம் எடுக்கும் பரேடுக்கு மட்டும் நீங்கள் இருவரும் கட்டாயம் போங்கள். பெற்றவர்களை அழைப்பார்கள். அம்மாவுக்குக் குளிர் தாங்காது, நல்ல ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.

உடன் எடுத்துப்போக அதிகம் வேண்டாம். அழைப்புக் கடிதத்தில் போட்டிருக்கும் சான்றிதழ்களின் அசல், நகல், நிறையப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வங்கிப் புத்தகம், தையல் ஊசி நூல், பூட்டு இரண்டு. நகை, விலையுயர்ந்த போன் எதுவும் கூடாது. உள்ளே ஆள் இருக்கிறது, நல்ல ட்ரேட் (வேலைப் பிரிவு) வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு, அதற்கு அவன் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. நாமினியாக அம்மா பெயரைப் போடும்போது ஆதாரிலும் வங்கியிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இனிஷியல் மாறியிருந்தால் இந்த மாதமே இ-சேவை மையத்துக்குப் போய்த் திருத்திவிடுங்கள், அவன் உள்ளே போனபின் அந்த வேலைக்கு அலைய ஆள் இருக்காது.