தாத்தாவின் டைரியில் எந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம்?

கேள்வி: என் தாத்தா 1949 முதல் 1979 வரை எழுதிய 31 டைரிகள் எங்களிடம் இருக்கின்றன. பெரும்பாலும் மழை, வரவு செலவு, யார் வந்தார் போனார் என்பதுதான். 1962-இல் மட்டும் சில பக்கங்களில் உறவினர்களைத் திட்டித் தீர்த்திருக்கிறார். அவற்றைக் கிழித்துவிட்டு ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம் என்கிறார் சித்தப்பா. மழைக் கணக்கையெல்லாம் வாங்குவார்களா? (ஒரு வாசகி)

பதில்: முதலில் சித்தப்பாவின் கையிலிருந்து அந்த 1962-ஐ வாங்கி வையுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

நான் காப்பகத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். டைரி கொடுக்க வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாருமே, “பெரிசா ஒண்ணும் இல்லைங்க, வெறும் மழை, கணக்கு” என்று கூச்சத்தோடுதான் மூட்டையை அவிழ்ப்பார்கள். எனக்கு அந்த வெறும் மழைதான் வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் பகுதியில் மார்த்தா பாலார்ட் என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை எழுதிய டைரியைப் பாருங்கள். ஆற்றைக் கடந்தது, நூல் நூற்றது, வரவேண்டிய கூலி, பார்த்த பிரசவம். பிரசவம் மட்டும் 816. படித்தவர்கள் பலர் அற்ப விஷயம் என்று ஒதுக்கினார்கள். லாரல் தாட்சர் உல்ரிச் என்ற வரலாற்றாசிரியர் அந்த அற்பங்களையே கூட்டிக் கழித்து ஊரின் வாழ்க்கையை எழுதினார். 1991-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நம் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையும் 1736-இல் கப்பல் வந்ததையும் போனதையும் காதில் விழுந்ததையும் குறித்துவைக்கத்தானே உட்கார்ந்தார்!

இனி திட்டு. இங்கிலாந்தின் ஆன் லிஸ்டர் சுமார் 50 லட்சம் சொற்களில் டைரி எழுதியவர். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சங்கேத எழுத்து. 1890-களில் அவருடைய வம்சத்து ஜான் லிஸ்டரும் ஒரு நண்பரும் அதை உடைத்துப் படித்தார்கள். உள்ளே பெண்கள்மீது அவர் கொண்ட காதல். கொளுத்திவிடு என்றார் நண்பர். ஜானுக்கு மனம் வரவில்லை; வீட்டுச் சுவரின் மரப்பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். 2011-இல் அது யுனெஸ்கோவின் பிரிட்டன் நினைவுப் பதிவேட்டில் ஏறியது.

உங்களுக்கும் ஒரு மரப்பலகை உண்டு. நன்கொடைப் பத்திரத்தில் ‘1962-ஆம் ஆண்டு டைரியை இத்தனை வருடத்துக்கு யாருக்கும் காட்டக் கூடாது’ என்று நிபந்தனை போடலாம். எத்தனை வருடம் ஒப்புக்கொள்வார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிடுங்கள். டைரிகளைத் தூக்கிக்கொண்டு நேரே போகவும் வேண்டாம். தாத்தா யார், என்ன வேலை பார்த்தார், எந்தெந்த ஆண்டு, எந்த நிலையில் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் போதும். ஒரு காப்பகம் மறுத்தால் இன்னொன்றைக் கேளுங்கள்.

கொடுக்கும்வரை செலோடேப்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் அதைவிடப் பாவம். பக்கங்களுக்கிடையே செருகிய ரசீது, டிக்கெட் எதையும் உருவாதீர்கள். இருக்கும் இடத்தில் இருந்தால்தான் அதற்குத் தேதி, உருவினால் குப்பை.

ஒரு வேலை மட்டும் அவசரம். இங்கிலாந்துக் கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் எழுதிய டைரியைப் படிக்க ஜான் ஸ்மித் என்பவர் 1819-இலிருந்து மூன்று ஆண்டு மண்டையை உடைத்துக்கொண்டார். அந்தச் சுருக்கெழுத்தைச் சொல்லித்தரும் புத்தகம் பீப்ஸின் அதே நூலகத்தில்தான் இருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. தாத்தாவும் ‘பெ.வீ.’, ‘மே.கா.’ என்று ஏதாவது எழுதியிருப்பார். யார் அது, ஏன் திட்டினார் என்பது சித்தப்பாவுக்குத் தெரியாமலா கிழிக்கப் பார்க்கிறார்? ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து அவரையே உட்காரவையுங்கள்.