நல்லதுதான் நடந்திருக்கிறது, பிறகு ஏன் தூக்கம் வரவில்லை?

கேள்வி: எனக்கு வயது 46. பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அதே சமயத்தில் மகன் படிப்புக்காக விடுதிக்குப் போய்விட்டான். இப்போது விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. சின்ன விஷயத்துக்கும் மனைவியிடம் எரிந்து விழுகிறேன். குறையென்று எதுவுமில்லை. நான் மனதளவில் பலவீனமானவனா? மகனிடம் இதைச் சொல்லலாமா?

பதில்: இல்லை, இது பலவீனம் இல்லை. நல்லது நடந்தாலும் மனதுக்கு அது சுமைதான். 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு மருத்துவர்கள், வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு, எது எவ்வளவு சுமை என்று மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். அதில் வேலை பறிபோவதற்கு 47, திருமணத்துக்கோ 50! பிள்ளை வீட்டைவிட்டுப் போவது, பணிப்பொறுப்பு மாறுவது, வீடு மாறுவது மூன்றுமே அதில் இருக்கின்றன. உங்களுக்கு மூன்றும் ஒன்றாக வந்திருக்கின்றன.

பழைய வீட்டில் இருட்டிலும் உங்கள் கை நேராக ஸ்விட்சுக்குப் போயிருக்கும். புது வீட்டில் சுவரைத் தடவித் தேடுகிறீர்கள். அலுவலகத்திலும் அதே கதைதான்: யாரிடம் எப்படிப் பேசுவது, எந்தக் கோப்பு எங்கே என்று நாள் முழுக்கத் தேடல். பழக்கத்தில் தானாக நடந்ததையெல்லாம் மூளை இப்போது யோசித்து யோசித்துச் செய்கிறது. மாலையில் வரும் எரிச்சலில் பாதி இந்தக் களைப்புதான் என்று நினைக்கிறேன். மனைவியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அவருக்கும் அது புது வீடுதானே.

சரி, என்ன செய்யலாம்? எல்லாம் மாறும்போது ஒன்றிரண்டை மட்டும் மாறாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில், எழும் நேரம். இரவு எப்படிப் போனாலும், விடுமுறை நாளானாலும், ஒரே நேரத்தில் எழுந்து கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நடங்கள். உடலின் கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

மூன்று மணிக்கு விழித்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். தூக்கம் வராது என்று தோன்றினால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கும்போது படுங்கள். அந்த நேரத்துக் கவலைகளுக்கு மாலையிலேயே பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு தாளில் எழுதி, நாளைக்கே செய்யக்கூடியதை மட்டும் கோடிட்டு, அதற்கு ஒரு சின்ன முதல் வேலையைப் பக்கத்தில் குறியுங்கள். தூக்கத்துக்காக மதுவைத் தொட வேண்டாம். தூங்க வைப்பதுபோல் வைத்து நடுராத்திரியில் எழுப்பிவிடும். தூக்க மாத்திரையையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

அப்புறம், அந்தப் படபடப்பு. அதை மனம் என்று நானே முடிவு கட்ட மாட்டேன். தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் இப்படி வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாற்றத்தால் வரும் இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் சில மாதங்களில் தணிந்துவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள், நாள் முழுக்க மனம் சோர்ந்து, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் நன்றாகவே உதவும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட்டு அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மகனிடம் தாராளமாகச் சொல்லுங்கள். தினமும் போனில் நீங்கள் "நல்லா இருக்கேன்" என்கிறீர்கள், அவனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பான். "எனக்கு இந்த ஊர் இன்னும் பழகலைப்பா, உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்கும் அந்த விடுதி அறையில் ஸ்விட்ச் எங்கே என்று இன்னும் பிடிபடாமல் இருக்கலாம்.