ஆக்ஸானில் மின்சமிக்ஞை எவ்வாறு செல்கிறது? – கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி): தாமிரக் கம்பியில் மின்சாரம் பாய்வதைப் போலத்தான் நரம்பிலும் பாய்கிறதா?

பதில்: இல்லை. கம்பியில் எலக்ட்ரான்கள் அதன் நீளவாக்கில் நகர்கின்றன. நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்ஸானிலோ சோடியம், பொட்டாசியம் அயனிகள் செல்சவ்வின் குறுக்கே உள்ளும் புறமும் செல்கின்றன. ஓய்வு நிலையில் ஆக்ஸானின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். இந்த வேறுபாடு ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் சவ்விலுள்ள சோடியம் கால்வாய்கள் (சோடியம் அயனிகளை விடும் நுண்வழிகள்) திறந்து, அவ்வயனிகள் உள்ளே நுழைந்து, உட்புறம் நேர்மின் நிலைக்கு மாறிவிடும். சுமார் ஒரு மில்லிநொடியில் அக்கால்வாய்கள் அடைபட, பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்பும். உள்ளே வந்த மின்னூட்டம் அடுத்த பகுதியைத் தூண்ட, அங்கும் இதே நிகழ்வு முழு வலிமையுடன் புதிதாகத் தொடங்குகிறது. முதுகுத்தண்டிலிருந்து பாதம்வரை ஒரு மீட்டர் நீளும் ஆக்ஸானிலும் சமிக்ஞை தேயாமல் போய்ச் சேர்வது இதனால்தான்.

கேள்வி: அப்படியானால் அது வந்த வழியே ஏன் திரும்புவதில்லை?

பதில்: கடந்து வந்த பகுதியின் சோடியம் கால்வாய்கள் சிறிது நேரத்திற்கு மீண்டும் திறக்கும் நிலையில் இருப்பதில்லை.

கேள்வி: காலில் கல் இடித்தால் முதலில் சுரீரென்றும், பிறகு மந்தமாகவும் வலிப்பது ஏன்?

பதில்: இரு வகை இழைகள் அச்செய்தியைக் கொண்டு செல்கின்றன. மையலின் என்ற கொழுப்புப் பொருளாலான மெல்லிய உறை கொண்டவை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்திலும், உறையற்ற நுண்ணிழைகள் 2 மீட்டருக்கும் குறைவான வேகத்திலும் கடத்துகின்றன. மையலின் உள்ள இடத்தில் மின்னூட்டம் வீணாகக் கசிவதில்லை. ஆகவே உறையின் இடைவெளிகளான ரான்வியர் கணுக்களில் மட்டும் சமிக்ஞை புதுப்பிக்கப்பட்டால் போதும்; அதனால் வேகம் கூடி, சுரீர் வலி முந்திக்கொள்கிறது.

கேள்வி (ஆசிரியர்): அயனிகளின் நகர்வால் சமிக்ஞை செல்வதை முதலில் நிறுவியவர்கள் யார்?

பதில்: ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய அறிவியலாளர்கள், கணவாய் என்ற கடல் உயிரினத்தின் தடித்த ஆக்ஸானில் செய்த சோதனைகளைக் கொண்டு 1952இல் நிறுவினர். கால்வாய்களை எவரும் கண்டிராத அக்காலத்தில், கையால் சுழற்றும் கணக்கிடும் பொறியைக் கொண்டு அவர்கள் கணித்த சமிக்ஞை வேகம் நொடிக்கு 18.8 மீட்டர், அளந்த வேகம் 21.2 மீட்டர். உயிரியலில் கணிதம் பெற்ற மிகப் பெரிய வெற்றிகளுள் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். 1963இல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

கேள்வி: பல் பிடுங்கும்முன் போடும் மரத்துப்போகச் செய்யும் ஊசி என்ன செய்கிறது?

பதில்: அதிலுள்ள லிடோகெய்ன் என்ற மருந்து சோடியம் கால்வாய்களை அடைத்துவிடுவதால், பல்லில் எழும் சமிக்ஞை அந்த இடத்தைத் தாண்டி மூளையை எட்டுவதில்லை. இரத்த ஓட்டம் மருந்தை மெல்ல அகற்றியதும் கடத்தல் மீண்டும் தொடங்கும்.