ஆந்தைக்கு ஒரு பொந்து

அன்புள்ள ஐயா,

என் மகள் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக் கொல்லை மரத்தில், முன்பு குடியிருந்தவர்கள் மாட்டிவைத்த மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. மூன்று குளிர்காலமாக, இலையெல்லாம் கொட்டியதும் ஓர் ஆந்தை அதில் வந்து தங்குகிறது. ‘ஸ்க்ரீச் அவுல்’ என்று பெயராம். வருவது அதே ஆந்தைதானா என்று அவளுக்குத் தெரியவேண்டும். 84 வயதாகும் என் அம்மாவோ, வீட்டுப் பக்கம் ஆந்தை வந்தால் ஆகாது, பெட்டியைக் கழற்றச் சொல் என்று தினமும் சொல்கிறார். எனக்கோ, இங்கே சிங்கப்பூரில், பாசிர் ரிஸ்ஸில் எங்கள் பத்தாவது மாடி வீட்டருகே இப்படி ஒன்று மாட்டலாமா என்று ஓர் ஆசை. நீங்கள் பறவைகளைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், பாசிர் ரிஸ்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளின் கேள்வி. அந்த ஆந்தை எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருவதில்லை. அது வலசை போகாத பறவை; வருடம் முழுக்க அந்த வட்டாரத்திலேயேதான் இருக்கிறது. கோடையில் அடர்ந்த இலைக்குள் அடிமரத்தை ஒட்டி உட்கார்ந்துவிட்டால் எது பட்டை, எது பறவை என்று பிரித்துச் சொல்ல முடியாது. இலை கொட்டியதும் அந்த மறைவு போய்விடுகிறது, குளிர்காற்றும் அடிக்கிறது. அப்போதுதான் பொந்து தேடுகிறது, நம் கண்ணிலும் படுகிறது. ஒரே ஆந்தை இரண்டு மூன்று பொந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். நாலு நாள் காணவில்லை என்றால் மகள் பதற வேண்டாம்.

அதே ஆந்தையா என்று காலில் அடையாள வளையம் இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வழி உண்டு. இந்த ஆந்தைகளில் சாம்பல் நிறமும் உண்டு, செம்பழுப்பு நிறமும் உண்டு. எந்த நிறத்தில் வளர்கிறதோ அந்த நிறத்திலேயேதான் கடைசிவரை இருக்கும். ஒரு வருடம் சாம்பலாகவும் அடுத்த வருடம் செம்பழுப்பாகவும் தெரிந்தால், அது வேறு ஆந்தை. பழைய படங்களை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்டியின் வாசல் சுமார் 7.5 செ.மீ. அகலம் இருந்தால் போதும். இந்த ஆந்தை சுள்ளி, புல் எதையும் கொண்டுவந்து கூடு கட்டாது. அதனால் இலையுதிர் காலத்தில் பழைய குப்பையை எடுத்துவிட்டு நாலு விரல் உயரத்துக்கு மரச்சீவல் போட்டுவைக்க வேண்டும். அப்புறம் மூடியைத் தொடவே கூடாது. பகலில் திறந்தால் ஆந்தை வெளியே பாயும். காகமும் ஜே பறவையும் சூழ்ந்துகொண்டு விரட்டும். பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்று நாம் பள்ளியிலேயே படித்ததுதானே? மார்ச், ஏப்ரலில் முட்டையும் வைக்கலாம், அப்போது இன்னும் கவனம் வேண்டும்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். அவரை எதிர்த்துப் பேசாதீர்கள். அந்த பயம் ஊரிலிருந்து கூடவே வந்தது. நோயாளி கிடக்கும் வீட்டில் மட்டும் விடிய விடிய விளக்கு எரிந்த காலம் அது. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு ஆந்தை வரும். அப்படித்தான் சாவோடு அது சேர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ‘ஸ்க்ரீச்’ என்றால் அலறல், ஆனால் உங்கள் மகள் வீட்டு ஆந்தை பெரும்பாலும் அலறுவதே இல்லை. குதிரைக்குட்டி மெல்லக் கனைப்பதுபோல் இறங்கிவரும் ஒரு குரல். இன்னொன்று ஒரே சுருதியில் நடுங்கும் குரல். அதைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லி அம்மாவைக் கேட்கவையுங்கள்.

என் சித்தப்பா மலேசியாவின் ஜோகூரில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வேலை பார்த்தார். அங்கே கம்பத்தின் உச்சியில் கூகைக்குப் பெட்டி வைத்திருப்பார்கள், எலி பழத்தைக் கடித்துத் தின்னாமல் இருக்க. சிறுவயதில் ஒருநாள் என்னை அந்தக் கம்பத்தடிக்குக் கூட்டிப்போனார். கீழே கட்டைவிரல் பருமனில் கருப்பு உருண்டைகள் கிடந்தன. ஒன்றைக் குச்சியால் பிரித்தார். உள்ளே சாம்பல் மயிர், அதற்குள் சுத்தமான எலி மண்டையோடு ஒன்று, முன்பல்லின் ஆரஞ்சு நிறம்கூட மாறவில்லை. கூகை எலியை விழுங்கி, செரிக்காததை இப்படிக் கக்கிவிடும். “நமக்காக ராத்திரி வேலைக்குப் போற ஆளு இது” என்றார் சித்தப்பா. அன்றோடு எனக்கு ஆந்தை பயம் போயிற்று.

உங்கள் ஆசைக்கு என் பதில்: வேண்டாம். பத்தாவது மாடிக்கு வெளியே எதையும் தொங்கவிடுவது கீழே நடப்பவர்களுக்கு ஆபத்து, பொது மரத்தில் நாமாக ஆணி அடிக்கவும் கூடாது. பெட்டியே கூடாது என்று சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து மறைந்துபோன இருவாச்சிப் பறவை, 1994இல் மறுபடி புலாவ் உபின் தீவில் தென்பட்டது; அங்கே மரங்களில் பெட்டி வைத்துத்தான் அதைப் பெருகச் செய்தார்கள். பெரிய பொந்துள்ள கிழட்டு மரங்கள் நம்மிடம் அவ்வளவு குறைவு. என் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் பட்டுப்போன மரம் ஒன்று நின்றது. இரவில் அங்கிருந்து பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை ‘வூப்’ என்று ஒற்றைக் குரல் வரும், நம் ஊர்ச் சிற்றாந்தை. ஒரு காலையில் மரத்தை அறுத்து எடுத்துப்போனார்கள். ஆபத்தான மரம் என்றார்கள், இருக்கலாம். அந்தக் குரலை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இன்னமும் படுக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டுதான் படுக்கிறேன்.

குளிர்காலத்தில் நிஜமாகவே நம்மிடம் வருகிற ஆந்தையும் உண்டு. வேட்டைக்கார ஆந்தை இனத்தில் ஒன்று, வடகிழக்கு ஆசியாவிலிருந்து அக்டோபர் வாக்கில் இங்கே வந்து சேர்கிறது. வலசைப் பறவைகள் இரவில் கண்ணாடியில் மோதி விழுவதுண்டு. அந்த மாதங்களில் சன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கைக் குறைத்தால் அதுவே பேருதவி. மோதிய பறவையைத் தாழ்வாரத்தில் கண்டால், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துவிட்டு, தேசியப் பூங்காக் கழகத்தைக் கூப்பிடுங்கள். தண்ணீரோ தீனியோ கொடுக்காதீர்கள்.

பாசிர் ரிஸ் பூங்கா உங்களுக்குப் பக்கம்தான். அங்கே புள்ளி மர ஆந்தைகளைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் அம்மாவை மெல்ல அழைத்துப் போங்கள். ஃபிளாஷ் வேண்டாம், கிட்டே போகவும் வேண்டாம்.

மகளிடம் கேட்டு எனக்கு மறக்காமல் எழுதுங்கள்: சாம்பலா, செம்பழுப்பா?