ஆற்றோர மணல் நிலம்: தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையோரத் தோட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

டொங்காட்டிலிருந்து: ஐயா, ஆற்றை ஒட்டிய தோட்டத்தில் ஒரே நாளில் நட்ட கோசு, ஒரு பாதியில் செழித்தும் மறுபாதியில் வாடியும் நிற்கிறது. உரமும் நீரும் ஒரே அளவுதான். காரணம் என்ன?

பதில்: காரணம் மேல்மண்ணில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது. ஆற்றோர மணல் என்பது ஒவ்வொரு வெள்ளமும் விட்டுச்சென்ற அடுக்குகளால் ஆனது. விரைந்தோடிய நீர் பருமணலையும், தணிந்து நின்ற நீர் பொடிமணலையும் வண்டலையும் படியவிட்டிருக்கும். தென்னாப்பிரிக்க மண் வகைப்பாட்டில் இத்தகைய அடுக்குநிலத்துக்கு டண்டீ என்று பெயர். பழைய ஓடைத்தடம் ஒன்று உங்கள் தோட்டத்தின் குறுக்கே புதைந்திருந்தால், அதன் மேல் நிற்கும் செடிகள் முதலில் வாடும். மேலிருந்து கீழ்வரை பருமணலாகவே இருக்கும் இடத்தில், ஒரு மீட்டர் ஆழத்துக்குள் பயிருக்குக் கிடைக்கும் நீர் ஏறத்தாழ 50 முதல் 80 மில்லிமீட்டர்தான். மணலும் களியும் கலந்த நல்ல பசலை மண்ணில் அது 150 மில்லிமீட்டரை எட்டும். ஆனால் பொடிமண்ணுக்கு அடியில் திடீரெனப் பருமணல் வந்தால், மேலடுக்கின் நுண்துளைகள் நீரைப் பிடித்துக்கொள்வதால், அது நன்றாக ஊறும் வரை நீர் கீழே இறங்காது. அதனால் பார்வைக்கு மணலாகத் தெரியும் இடமும் எதிர்பாராத ஈரம் வைத்திருக்கும். இரு பாதியிலும் 1.2 மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அடுக்குகளின் கனத்தை அளந்த பின்னர் உரத்தைப் பற்றிப் பேசலாம்.

வெருலத்திலிருந்து: எங்களுக்கு ஆற்றங்கரையிலும் நிலம் உண்டு, அதற்கு மேலே மேட்டுப்படியிலும் உண்டு. எதில் என்ன வைக்கலாம்?

பதில்: மேட்டுப்படியும் ஒரு காலத்தில் ஆற்றுப்படுகையாக இருந்ததுதான். ஆறு தன் தடத்தை ஆழப்படுத்திக்கொண்ட பின் வெள்ளம் அங்கே ஏறுவது நின்றுவிட்டதால், களித்துகள்கள் மெல்லக் கீழிறங்கி அடிமண்ணில் தங்கியிருக்கும். ஊட்டமும் ஓரளவு நிற்கும். கத்தரி, சேம்பு, கரும்பு ஆகியவற்றை அங்கே வையுங்கள். நம் பகுதியில் மழை, ஆண்டு முடிவை ஒட்டி வரும் கோடையில்தான் பெய்கிறது என்பதால், கரையோரத்தில் மே முதல் ஆகஸ்டு வரையிலான வறண்ட மாதங்களில் கீரையும் பீன்ஸும் எடுத்துவிடலாம். 1983ஆம் ஆண்டின் வேளாண் வளப் பாதுகாப்புச் சட்ட விதிகளின்படி, வெள்ளம் ஏறும் பகுதியிலும் அதற்கு அப்பால் 10 மீட்டர் வரையிலும் எழுத்து மூல அனுமதியின்றிப் புதிதாக உழக்கூடாது. நதிக்கரை நிலத்தைப் பற்றிக் கேட்போர் அனைவருக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

டர்பனிலிருந்து: எங்கள் வீட்டு மேட்டில் செம்மணல் இருக்கிறது. இதுவும் ஆற்றுமணலா?

பதில்: இல்லை. அது பெரியா (Berea) என்று பெயர் பெற்ற செம்மணல். பழைய கடற்கரை மணற்குன்றுகள் சிதைந்து உருவானது. அதைப் பற்றி வேறொருவரைக் கேளுங்கள்.

ஸ்டாங்கரிலிருந்து: மணல் நிலத்துக்கு யூரியா எத்தனை மூட்டை?

பதில்: மூட்டைக் கணக்கைவிடத் தவணைக் கணக்கு முக்கியம். ஒரே முறையில் கொட்டினால் அடுத்த கனமழையில் தழைச்சத்து வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். மண் பரிசோதனை செய்து, வரும் அளவைச் சிறு தவணைகளாகப் பிரித்து இடுங்கள்.

மீண்டும் ஸ்டாங்கரிலிருந்து, வேறொருவர்: மிளகாய்க்கு உரம் எவ்வளவு?

பதில்: சற்று முன் சொன்னதே.

அம்சிண்டோவிலிருந்து: வெண்டைச் செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சாக இருக்கிறது.

பதில்: வேர்முடிச்சு நூற்புழு. மணலின் அகன்ற துளைகளில் அது எளிதாக நகரும். அதே இடத்தில் மீண்டும் வெண்டையோ தக்காளியோ வைக்காதீர்கள். மக்கிய எருவையும், சர்க்கரை ஆலையில் சாறு வடிகட்டிய பின் மிஞ்சும் கசடையும் தாராளமாகச் சேருங்கள்.

ஸ்டாங்கரிலிருந்து: அம்வோட்டி ஆற்றையொட்டிய என் நிலத்தில் ஓடை மணலை அள்ளிக்கொள்ள ஒருவர் நல்ல விலை தருகிறார். அள்ளினால் ஆறு ஆழமாகி வெள்ளமும் குறையுமல்லவா?

பதில்: குறையாது. ஆற்றடியில் வெட்டிய பள்ளம் வெட்டிய இடத்திலேயே நிற்பதில்லை. அதன் மேல்விளிம்பு அரிக்கப்பட்டு மேல்நோக்கி ஏறும், கரைகள் சரியும், ஆற்றின் நீர்மட்டம் தாழத் தாழ மேட்டுப்படியின் நிலத்தடி நீரும் வடியும். மணலை விற்ற பணம் உங்களிடம் இருக்கும், சேம்புக்கு ஈரம் இருக்காது.

ஸ்டாங்கரிலிருந்து, மணல் விற்பதைக் கேட்டவர்: நீங்கள் சொல்வது மிகை. ஆண்டுதோறும் வெள்ளம் மணலைத் திரும்பக் கொண்டுவருகிறதே. மேலும் அது என் நிலம்.

பதில்: திரும்பி வருவது உண்மைதான், ஆனால் அள்ளும் வேகத்தில் வருவதில்லை. மேலே அணை கட்டிய ஆறுகளில் மணலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடும்; அம்கெனி ஆற்றின் இனாண்டா அணையை நினைத்துப் பாருங்கள். நிலம் உங்களுடையது, மணல் உங்களுடையதல்ல. 2002ஆம் ஆண்டின் கனிமவளச் சட்டத்தின்படி கனிமங்களுக்கு அரசே காப்பாளர். 5 ஹெக்டேருக்கு மிகாத இடத்தில் விற்பனைக்கு அள்ளவும் சுரங்க அனுமதி வேண்டும்; ஆற்றின் படுகையையோ கரையையோ மாற்ற 1998ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் குறுக்கே நிற்கும். விலை பேசியவரிடம் இவ்விரண்டு சட்டங்களின்படியான அனுமதித் தாள்களையும் காட்டச் சொல்லுங்கள்.

அவரே: அப்படியானால் வெள்ளம் வயலில் கொட்டிய மணலையும் தொடக்கூடாதா?

பதில்: அது வேறு விஷயம். 1984இல் டொமொய்னா புயல் வெள்ளம் அம்ஃபொலோசி ஆற்றுச் சமவெளியின் கரும்பு வயல்களை மணலால் மூடியபோது எழுந்த அதே சிக்கல். படிந்தது ஒரு சாணுக்குள் என்றால் ஆழ உழுது கீழ்மண்ணோடு கலந்துவிடுங்கள். இடுப்பளவு என்றால் அகற்றும் செலவு, அந்த நிலம் தரும் விளைச்சலை விழுங்கிவிடும். அவ்விடத்தைப் புல்லுக்கு விட்டுவிடுங்கள்.

போர்ட் ஷெப்ஸ்டோனிலிருந்து: ஆற்றுமுகத்து மணலை வீட்டுச் சுவர்ப் பூச்சுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: அதில் கடலுப்பு கலந்திருக்கும். மற்றதைக் கொத்தனாரிடம் கேளுங்கள்.